ஜேக் லோகன் என்று யாரும் இல்லை: அடல்ட் வெஸ்டர்ன் கேள்வி பதில்

பழைய அமெரிக்கப் பேப்பர்பேக் வெஸ்டர்ன் (கௌபாய் கதை) தொடர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் நான்கு தொடர்களைச் சுற்றித்தான் பேச்சு: ஸ்லோகம், லாங்ஆர்ம், டிரெயில்ஸ்மேன், கன்ஸ்மித். பெரியவர்களுக்கான சரக்கு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, நடைபாதைக் கடையில் ஸ்லோகம் புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுதியவர் ஜேக் லோகன் என்று போட்டிருக்கிறது. நானூறு புத்தகத்துக்கு மேல் ஒரே ஆளா எழுதினார்?

ஜேக் லோகன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை தம்பி. அது பதிப்பகத்துக்குச் சொந்தமான புனைபெயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1975-ல் பிளேபாய் பத்திரிகைக்காரர்களின் புத்தகப் பிரிவு இந்தத் தொடரைத் தொடங்கியது. ஜார்ஜியாவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்காகச் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்புகிறான் ஜான் ஸ்லோகம். குடும்பப் பண்ணையைப் பிடுங்க வந்த நீதிபதியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அதிலிருந்து தொடர் முடியும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறான். யாரிடம் வேலை கொடுத்தார்களோ அவர் எழுதினார், அட்டையில் மட்டும் எப்போதும் ஜேக் லோகன். 'கார்க்கி பார்க்' நாவலை எழுதிய மார்ட்டின் குரூஸ் ஸ்மித் கூட பேர் வாங்குவதற்கு முன்னால் எழுபதுகளில் சில ஸ்லோகம் எழுதியிருக்கிறார். உங்கள் கையில் இருப்பது அவர் எழுதியதாக இருந்தால் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை!

மற்ற மூன்றும் அப்படித்தானா சார்?

இரண்டு அப்படித்தான். லாங்ஆர்ம் 1978-ல் ஜோவ் பதிப்பகத்தில் தொடங்கியது, அட்டைப் பெயர் டேபர் இவான்ஸ். கதாநாயகன் கஸ்டிஸ் லாங், டென்வரிலிருந்து வேலை பார்க்கும் மத்திய அரசு மார்ஷல் (குற்றவாளிகளைப் பிடிக்கும் அதிகாரி), மேலதிகாரி பில்லி வெயில். கடிகாரச் சங்கிலியின் ஒரு முனையில் கடிகாரம், மறுமுனையில் ஒரு குட்டித் துப்பாக்கி. அதை எதிரி கவனிக்காமல் விடுவது எத்தனையோ கதைகளில் வரும். முதலில் எழுதியவர் லூ கேமரன், அதற்கு முன்னால் காமிக்ஸ் வரைந்தவர். அப்புறம் ஹாரி விட்டிங்டன், ஃபிராங்க் ரோடரஸ், ஜேம்ஸ் ரீசனர், பீட்டர் பிராண்ட்வோல்ட் என்று ஒரு படையே வந்தது.

டிரெயில்ஸ்மேன் 1980, சிக்னெட். அட்டைப் பெயர் ஜான் ஷார்ப், தொடங்கி வைத்தவர் ஜான் மெஸ்மன். நாயகன் ஸ்கை ஃபார்கோ, கறுப்பு வெள்ளைக் குதிரை. ஒவ்வொரு புத்தகமும் அவன் யார் என்று சொல்லும் அதே ஒரு பக்கத்தோடு தொடங்கும், எழுதுகிறவர் மாறினாலும் அந்தப் பக்கம் மாறாது.

கன்ஸ்மித் கதையே வேறு. ஜே. ஆர். ராபர்ட்ஸ் என்பதும் புனைபெயர்தான், ஆனால் பின்னால் இருந்தது ஏறக்குறைய எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே ஆள், ராபர்ட் ராண்டிசி. புரூக்ளின்காரர், நியூயார்க் காவல் துறையில் வேலை பார்த்தவர், எழுத ஆசைப்பட்டது துப்பறியும் கதைகள். 1982-ல் மாதம் ஒன்று என்று பிடித்தவர் நானூறைத் தாண்டியும் நிறுத்தவில்லை. 2024-ல் காலமானார். பல கை எழுதிய தொடர்களில் ஒரு புத்தகம் பிரமாதமாகவும் அடுத்தது படு சுமாராகவும் இருக்கும். கன்ஸ்மித்தில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு, ஒரே அளவில் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அது கொஞ்சம் சலிப்பு, பலருக்கு அதுதான் பிடித்தது.

எழுதியவர் பெயரையே போட்டால் என்ன குறைந்துவிடும்? நம் ஊர் மாத நாவல்களை எழுத்தாளர் பெயரைப் பார்த்துத்தானே வாங்குவோம்.

நம் ஊரில் எழுத்தாளர்தான் நட்சத்திரம், கதாநாயகன் யார் என்பது அப்புறம். அங்கே தலைகீழ். லாரி ஓட்டுநர்கள் நிற்கும் இடங்களிலும் மருந்துக் கடைகளிலும் கம்பி ஸ்டாண்டில் சொருகி விற்ற புத்தகங்கள் இவை. வாங்குகிறவர் லாங்ஆர்ம் வந்தாச்சா என்று பார்ப்பார், அவ்வளவுதான். மாதம் தவறாமல் புத்தகம் வர வேண்டும், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ அதிகப் பணம் கேட்டாலோ இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும். பெயர் பதிப்பகத்துக்குச் சொந்தமாக இருந்தால் இதெல்லாம் சுலபம். எழுதியவருக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை, உரிமை கிடையாது. அநியாயம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஓரளவு அநியாயம்தான், ஆனால் சொந்தப் பெயரில் எழுதும் நாவல் விற்காத மாதத்தில் இந்தத் தொகைதான் பலருக்கு வாடகை கட்டியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், அந்த மாதிரிக் காட்சிகளுக்காகத்தானே வாங்கினார்கள்?

ஆமாம், அதற்காகவும்தான். இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் புத்தகத்தில் இரண்டு மூன்று இடத்தில் கட்டாயம் வரும், கதைக்குத் தேவையோ இல்லையோ. எனக்கு இவற்றில் மிகவும் அலுப்பூட்டுவதே அந்தப் பக்கங்கள்தான், எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். யாருடைய கை என்று தெரிவது மற்ற இடங்களில். கேமரன் எழுதியதில் ரயில் பாதை எப்படிப் போட்டார்கள், நிலப் பட்டா எப்படிக் கொடுத்தார்கள் என்று லாங்ஆர்ம் பேசிக்கொண்டே வருவான்.

பெண் வாசகி ஒருத்தி கேட்கிறேன். படிக்கிற மாதிரி இருக்குமா?

பெரும்பாலானவற்றில் பெண்கள் நாயகனைப் பார்த்ததும் மயங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்கள், பூர்வகுடிகளைப் பற்றி எழுதியதில் பாதி இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும். காலம் அப்படி என்று நான் மழுப்பப் போவதில்லை, அதே காலத்தில் ஒழுங்காக எழுதியவர்களும் இருந்தார்கள். வெஸ்லி எல்லிஸ் என்ற கூட்டுப் பெயரில் 1982-ல் தொடங்கிய லோன் ஸ்டார் கொஞ்சம் பரவாயில்லை. ஜெசிகா ஸ்டார்பக் என்ற பெண்தான் முதன்மை, கூடவே ஜப்பானியத் தாய்க்குப் பிறந்த கீ என்பவன். அதிலும் அந்தக் காட்சிகள் உண்டு, ஆனால் முடிவெடுப்பவள் அவள்.

நான்கும் ஏன் ஒரே சமயத்தில் நின்றன?

நான்கும் கடைசியில் ஒரே கூரைக்குள் போய்ச் சேர்ந்ததால். ஜோவ் 1979-லேயே பட்னம் குழுமத்துக்குப் போய்விட்டது. 1982-ல் பிளேபாயின் புத்தகப் பிரிவும், கன்ஸ்மித்தை வெளியிட்ட சார்ட்டரும் அங்கேயே வந்தன. சிக்னெட் எண்பதுகளிலேயே பெங்குவினிடம் போயிருந்தது. 1996-ல் பெங்குவினும் பட்னமும் ஒன்றானதும், போட்டிக்குத் தொடங்கிய நான்கும் ஒரே முதலாளியின் பிள்ளைகள். 2013-ல் அதுவும் ரேண்டம் ஹவுஸோடு இணைந்தது. அந்தச் சின்ன அளவுப் புத்தகச் சந்தை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது, 2014, 2015-ல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கன்ஸ்மித்தை மட்டும் ராண்டிசி வேறு பதிப்பகங்களுக்குக் கொண்டுபோய்த் தொடர்ந்தார். மற்ற மூன்றிலும் எழுதியவர்கள் நினைத்தாலும் அப்படிச் செய்ய முடியாது, பெயரும் நாயகனும் அவர்களுடையது இல்லையே.

இவைதான் உலகிலேயே நீளமான வெஸ்டர்ன் தொடர்களா?

இல்லை. ஜெர்மனியில் லாசிட்டர் என்று ஒன்று, 1972-லிருந்து பாஸ்டை நிறுவனம் போடுகிறது. ஜேக் ஸ்லேட் என்ற கூட்டுப் பெயர், அதே துப்பாக்கி, அதே சரசம், மெல்லிய வாரப் புத்தகம். 2,500-ஐத் தாண்டிவிட்டது. பெயரும் நாயகனும் அமெரிக்காவிலிருந்து போனவை, அங்கே எப்போதோ நின்றுபோனது ஜெர்மனியில் ஓடுகிறது.

டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலிய வெஸ்டர்ன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். இவை எனக்குப் பிடிக்குமா?

டெக்ஸையும் பல பேர் எழுதினார்கள், ஆனால் அவர்கள் பெயர் வெளியே தெரியும், சரசமும் கிடையாது. அந்த ருசியில் தேடினால் லாங்ஆர்மில் தொடங்குங்கள்.

துப்பாக்கி விவரமெல்லாம் சரியாக இருக்குமா?

ஆளைப் பொறுத்தது. டிரெயில்ஸ்மேன் ஃபார்கோ கையில் எப்போதும் ஹென்றி ரைஃபிள் இருக்கும், கதை நடப்பதோ பெரும்பாலும் 1861 வரைக்குள். ஹென்றிக்குக் காப்புரிமை கிடைத்ததே 1860-ல், விற்பனைக்கு வந்தது 1862-ல். கடைக்காரர் தெரிந்தவராக இருந்திருப்பார்.

எந்த எண்ணிலிருந்து படிப்பது?

வரிசை தேவையில்லை, எதை எடுத்தாலும் தனிக்கதை. லாங்ஆர்மில் முதல் பத்துக்குள் ஏதாவது ஒன்று, பிறகு ரீசனர் எழுதியதாகத் தெரிந்தவை. அவரைப் போன்ற சிலர் எந்தெந்த எண் தங்களுடையது என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள், அதைத் தேடி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஐம்பது ரூபாய்க்கு மேல் கேட்டால் பேரம் பேசுங்கள்.