ட்யூஷனுக்கு முன் விடைத்தாளைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். ஐந்தாம் வகுப்புவரை கணக்கில் 90-க்குக் குறையாத என் மகன், ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் 38 வாங்கியிருக்கிறான். எனக்கே பள்ளியில் கணக்கு என்றால் பயம். ட்யூஷனில் சேர்ப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு, அதற்கு நீங்கள் கணக்கில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. முதலில் அந்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், ஒவ்வொரு தவறும் எந்த வரியில் தொடங்குகிறது என்று மகனோடு உட்கார்ந்து பாருங்கள். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, வாய்ப்பாட்டில் தடுமாறினானா, பாடமே பிடிபடவில்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் ட்யூஷனில் சேர்த்தால், புரியாத பாடத்தையே இரண்டாம் முறையும் புரியாமல் கேட்டுவிட்டு வருவான்.

இந்த வயதில் பிள்ளைகளை அதிகம் இடறச் செய்வது பின்னம்தான். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முழு எண்களைக் கூட்டிப் பழகிய பிள்ளைக்கு, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவது நியாயமாகவே படுகிறது. அதை அடித்துவிட்டு மீ.சி.ம. (இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு) காணும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அந்த ஒரு கணக்கு சரியாகும். குழப்பம் அப்படியே இருக்கும். மாறாக, "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேளுங்கள். 2/5 என்பது அரையைவிடச் சிறியது என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு தோசையை ஆறு சம துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள்: பாதி என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு துண்டு, ஆக ஐந்து துண்டு, அதாவது 5/6. துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் சேர்த்து எண்ண முடியும் என்பது கைக்கு வந்துவிட்டால், பகுதிகளை, அதாவது பின்னங்களின் கீழே உள்ள எண்களை, ஏன் சமமாக்குகிறோம் என்பதை யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

கால், அரைக்கால், வீசம் என்று ஒவ்வொன்றும் முந்தியதில் பாதியாக இறங்கும் சொற்கள் நம் மொழியிலேயே இருக்கின்றன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலில் இவற்றை வாய்விட்டுச் சொல்லித்தான் பழகினார்கள். காய்கறிக் கடையில் நிற்கும்போது, கத்தரிக்காய் கிலோ 60 ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று அவனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

தினமும் இருபது நிமிடம், அன்று வகுப்பில் போட்ட ஒரு கணக்கை உங்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கட்டும். உங்களுக்குக் கணக்கு வராது என்பது இங்கே உதவியாகவே இருக்கும், ஏனெனில் "இந்த வரி எப்படி வந்தது?" என்று நீங்கள் உண்மையாகவே கேட்பீர்கள். அவன் எங்கே திணறுகிறானோ, அந்தப் பாடத்தை ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. "எனக்கும் கணக்கு வராது" என்பதை மட்டும் தயவுசெய்து அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்தும் அதே வகைத் தவறு தொடர்ந்தால் ட்யூஷனில் சேர்ப்பதில் தவறில்லை. அப்போது, இதுவரை எந்தெந்த வரியில் தடுமாறினான் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்து, அதை முதல் நாளே அந்த ஆசிரியரிடம் கொடுங்கள்.