வயல் பக்கத்தில், அரிசி தூரத்தில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பசி, வறுமை, உணவு உரிமை பற்றி வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இருபது ஆண்டுகளாகச் சத்துணவுப் பணியில் இருக்கிறேன். எடைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடிகளில் ஏறி இறங்கியவள் என்ற முறையில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2023 செப்டம்பரில் எங்கள் ஊர்க் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி அடியோடு காணாமல் போனது. எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் வயல் தெரியும். அந்த அரிசி எங்கேதான் போனது? (கெப்பாலா பத்தாஸ் வாசகி)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடாவில் விளையும் நெல், நாட்டின் அரிசி விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. அந்த ஆண்டு அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை.

உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை 10 கிலோவுக்கு 26 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டு அரிசிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் இந்தியா, தன் நாட்டில் விலை ஏறக்கூடாது என்று 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. உலகச் சந்தையில் விலை எகிறியது. செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குத் தாவியது. அதுவரை வெளிநாட்டு அரிசி வாங்கியவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் உட்பட, 26 வெள்ளிப் பையைத் தேடி வந்தார்கள். பத்துப் பேருக்கு வடித்த சோற்றில் இருபது பேர் கை வைத்தால் பானை தாங்குமா? இரண்டு அரிசிக்கும் விலை இவ்வளவு விலகி நிற்கும்போது, உள்ளூர் அரிசியை வெளிநாட்டுப் பைக்குள் மாற்றிப் போடவும் சிலருக்கு ஆசை வரும். அமலாக்க அதிகாரிகள் ஆலைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடத்தியது அதனால்தான்.

அந்த நாட்களில் பட்டர்வொர்த்தில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். ஒருவருக்கு ஒரு பைதான் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனி வரிசையில் நிறுத்தியிருந்தார். சின்னவனுக்கு ஏழு வயது இருக்கலாம். பையைத் தூக்க முடியாமல் தரையில் வைத்துக் காலால் தள்ளித் தள்ளி முன்னே நகர்த்திக்கொண்டு வந்தான். பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இது நமக்குப் பழைய கதையும்கூட. முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் இந்திய அரசு பர்மா அரிசியை வெளியே விடாமல் இறுக்கியபோது மலாயா தத்தளித்தது. ஜப்பானியர் காலத்தில் மறுபடியும் பர்மா அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. என் பாட்டி அதற்குப் பிறகு சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை. அந்த வாடையே ஆகாது என்பார்.

இன்றும் நாம் உண்ணும் பத்துக் கவளத்தில் ஐந்தாறு கவளம்தான் இந்த மண்ணின் நெல். மீதியை வரவழைக்கும் உரிமை 2031 வரை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. 2023 அக்டோபரில் இந்தியா தனிச் சலுகையாக மலேசியாவுக்கு 1,70,000 டன் அனுமதித்தது. தடை முழுவதும் நீங்க 2024 செப்டம்பர் ஆனது. அதாவது நம் வீட்டு உலையின் கதை இன்னொரு நாட்டின் அமைச்சரவைக் கூட்டத்தில் தீர்மானமானது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 26 வெள்ளி என்ற விலை ஏழைக்காக வைக்கப்பட்டது. ஆனால் அதே விலையில் வசதி படைத்தவரும் வாங்குகிறார், அந்த விலைக்குள் அடங்கவேண்டிய கட்டாயத்தில் நெல் விவசாயியின் கை கட்டப்படுகிறது. 2025இல் நெல்லின் குறைந்தபட்சக் கொள்முதல் விலை டன்னுக்கு 1,500 வெள்ளியாக உயர்ந்தது நல்ல செய்தி. விவசாயிக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு, ஏழைக் குடும்பத்துக்குப் பணத்தை நேராகக் கையில் கொடுப்பதே முறை.

கேள்வி: தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அம்மா திட்டுகிறார். நான் சாப்பிட்டு முடித்தால் அவர்கள் பசி தீருமா? (ஜெலுத்தோங், பதினான்கு வயது)

தீராது தம்பி. ஆனாலும் அம்மா சொல்வதைக் கேள். 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் கொட்டியது. அதே உலகில் 2024இல் 67 கோடிக்கும் அதிகமானோர் பசியோடு வாழ்ந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உணவு இருக்கிறது, அதை வாங்கக் காசு இல்லை. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டபோதும் நெல் அடியோடு பொய்த்துவிடவில்லை. போர்க்காலத்தில் அரிசி விலை ஏற, கூலிக்காரரின் கூலி அதன் பின்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. இதை ஆராய்ந்து நிறுவியவர் பொருளியல் அறிஞர் அமார்த்தியா சென்; சிறுவனாக அந்தப் பஞ்சத்தை நேரில் கண்டவர்.

கேள்வி: என் வகுப்பில் பருமனான பிள்ளைகளே அதிகம். அவர்களுக்கும் சத்துக் குறைவு என்று தாதி சொல்கிறார். எப்படி? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை)

தாதி சொல்வது முற்றிலும் சரி. ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒன்பதாவது மாடி. தாய் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் ஒற்றை அடுப்பு, சோற்றுக் குக்கர், மெகி மீ பெட்டி, பாதி தீர்ந்த கெட்டிப்பால் டின். நான்கு வயதுச் சிறுமியை அளவுப் பலகையில் நிற்க வைத்தேன். உயரம் இரண்டரை வயதுக் குழந்தையுடையது. ஒன்பது வயது அண்ணன் எடைக் கருவியில் ஏறினான், 50 கிலோ. ஒரே பானைச் சோறு, ஒரே டின் பால். ஒருத்தி வளரவில்லை, ஒருவன் ஊதிவிட்டான். இருவருக்கும் குறை ஒன்றேதான்: முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் அந்த வீட்டுக்குள் எப்போதாவதுதான் வருகின்றன.

இந்த வீடு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயாவின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 23 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 2015இல் 17.7 விழுக்காடு, 2022இல் 21.2 விழுக்காடு. வானளாவிய கட்டடங்கள் உயர்ந்த அதே ஆண்டுகளில் குழந்தைகளின் உயரம் குறைந்திருக்கிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் என் மனம் ஆறுவதில்லை.

வெகுகாலம் இந்த வறுமை கணக்கிலேயே ஏறவில்லை. வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று இருந்தவரை, நாட்டில் வறியோர் வெறும் 0.4 விழுக்காடு. 2019இல் இங்கே வந்த, கடும் வறுமை பற்றிய ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அந்த எண்ணை நம்ப மறுத்தார். அடுத்த ஆண்டு கோடு 2,208 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதமே 5.6 விழுக்காடாகத் திருத்தி எழுதப்பட்டது. ஒரே நாளில் யாரும் ஏழையாகவில்லை. அதுவரை எண்ணப்படாதவர்கள் எண்ணப்பட்டார்கள்.

உங்கள் கையில் இருப்பது: ஆர்எம்டி எனப்படும் பள்ளிக் கூடுதல் உணவுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள பிள்ளைகளின் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். படிவம் புரியாமலும் வெட்கப்பட்டும் விட்டுவிடும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். சிற்றுண்டிச்சாலையில் சர்க்கரைத் தண்ணீர் விற்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளையின் பருமனை மட்டும் வகுப்பில் பேசாதீர்கள்.

கேள்வி: உணவுப் பாதுகாப்பு, உணவு இறையாண்மை: இரண்டும் ஒன்றா? (கோலாலம்பூர், கல்லூரி மாணவர்)

ஒன்றல்ல. அனைவருக்கும் போதிய உணவு எட்டுகிறதா என்று கேட்பது உணவுப் பாதுகாப்பு. அந்த உணவை யார் விளைவிப்பது, யாருடைய விதையில், எந்த விலைக்கு, இவற்றை யார் தீர்மானிப்பது என்று சேர்த்துக் கேட்பது உணவு இறையாண்மை. கப்பலில் வந்த அரிசியால் முதலாவதை நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதை முடியாது.

ஹெய்ட்டியைப் பாருங்கள். ஒரு காலத்தில் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காடாகக் குறைக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயி வயலைப் போட்டுவிட்டு நகரத்துச் சேரிக்கு வந்தார். 2008இல் உலக அரிசி விலை ஏறியபோது அந்த மலிவு அரிசி மலிவாக இல்லை. விளைவிக்க வயலிலும் ஆள் இல்லை. தெருவில் கலவரம் வெடித்து, பிரதமர் பதவி இழந்தார். தன் ஆட்சியில் எடுத்த அந்த முடிவுக்காக பில் கிளிண்டன் 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் வயலைத் திருப்பித் தராது.

லா வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் இயக்கம் 1996இல் ரோம் உணவு மாநாட்டையொட்டி இந்தச் சொல்லை முன்வைத்தது. 2007இல் மாலி நாட்டின் செலிங்கே என்ற ஊரில் உழவர்களும் மீனவர்களும் மேய்ப்பர்களும் கூடி அதற்கு முழு விளக்கம் எழுதினார்கள். 2018இல் ஐநா பொதுச்சபை விவசாயிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. பினாங்குக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு: பூச்சிமருந்துகளுக்கு எதிரான பான் என்ற பன்னாட்டு அமைப்பு 1982இல் இங்கேதான் தொடங்கப்பட்டது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமானால் கோழி போதும். கோழி இங்கே வளர்கிறது. அது தின்னும் சோளமும் சோயாவும் கடல் கடந்து வருகின்றன. உக்ரேன் போரில் தீவன விலை ஏற, 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தியாவின் தடையால் அடுத்த ஆண்டு நாம் தவித்ததுபோல, அன்று நம்முடைய தடையால் சிங்கப்பூர்க்காரர்கள் தவித்தார்கள்.

கேள்வி: 2025 ஆகஸ்டில் காஸாவில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் இருந்தது பஞ்சம் இல்லையா? (பாகான் வாசகர்)

பஞ்சம் என்ற சொல்லுக்கு ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருக்கும் அளவு மிகக் கடுமையானது. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு ஏறக்குறைய அற்றுப்போயிருக்க வேண்டும். குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் கடும் சத்திழப்பில் இருக்க வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் பசியாலும் அதனால் வரும் நோயாலும் இறக்க வேண்டும். சத்திழப்பை அளக்க ஒரு சின்ன நாடா இருக்கிறது. என் பையிலும் எப்போதும் கிடக்கும். குழந்தையின் மேல்கையில் சுற்றினால் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. நாடா அங்கே போய்ச் சேர வழியே அடைபட்டிருந்தால் யார் அளப்பது? ஆகவே அறிவிப்பு வரும் நாள் பஞ்சம் தொடங்கிய நாள் அல்ல. 2024 ஆகஸ்டில் சூடானின் ஸம்ஸம் முகாமிலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் மழை பொய்க்கவில்லை. போரும் முற்றுகையும் உணவை மறித்தன. இந்தப் பசி மனிதர் செய்தது.

கேள்வி: தோட்டத்தில் இருந்தவரை கீரை, கத்தரி, மொச்சை, பால்மாடு எல்லாம் எங்களுடையது. தோட்டம் கைமாறி அடுக்குமாடிக்கு வந்து பதினைந்து ஆண்டுகள். வாசலோரம் ஐந்து தொட்டி வைத்திருக்கிறேன். பழைய மொச்சை விதையும் ஒரு பாட்டில் உண்டு. இந்த ஐந்து தொட்டியால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்கிறார்கள். (நிபோங் தெபால், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் லயத்து வீட்டுப் பிள்ளை. அம்மா பகலில் முதுகில் பம்பைச் சுமந்து செடிகளுக்கு இடையே களைக்கொல்லி அடிப்பார். பாராகுவாட். கையுறை கிடையாது. அவருடைய கட்டைவிரல் நகம் இரண்டு முறை கழன்று விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துக்கு நாட்டில் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. அம்மா அதைக் காண இல்லை. அதே அம்மா மாலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மொச்சைக் கொடிக்குச் சாம்பல் தவிர வேறு எதையும் தூவமாட்டார். வெள்ளைக்காரன் செடிக்கு வேண்டுமானால் அது, நம் பிள்ளை தின்பதற்கு இல்லை என்பார்.

தோட்டக் கூலி குறைவுதான். ஆனால் லயத்தின் பின்புறம் தந்த கீரையும் பாலும் எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதப்படாத கூலி. அடுக்குமாடிக்கு மாறியபோது வீட்டுச் சாவி கொடுத்தார்கள். அந்தக் கூலி பறிபோனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளின் தட்டில் கீரை குறைந்தது அன்றிலிருந்துதான்.

ஐந்து தொட்டி சோறு போடாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீரை போடும்; அதுவே பெரிது. சந்தையில் வாங்கும் கங்குன் தண்டில் அடிப்பகுதியை இரண்டு கணு விட்டு வெட்டித் தண்ணீரில் வையுங்கள், சில நாளில் வேர் விடும். நட்டால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். ஒரு தொட்டியில் முருங்கைக் குச்சியை ஊன்றி, இடுப்பு உயரத்துக்கு மேல் விடாமல் கிள்ளிக்கொண்டே இருங்கள். மாடியில் காற்று அதிகம் என்பதால் மண் சீக்கிரம் காயும். தென்னை நாரைக் கலந்துகொள்ளுங்கள்.

விதைதான் முக்கியம். நம் நாட்டின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் சிறு விவசாயிகள் விதையைச் சேமிக்கவும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. 2022இல் மலேசியா இணைந்த பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தமோ, ஊபோவ் எனப்படும், புதிய தாவர வகைகளை உருவாக்குவோரின் உரிமையைக் காக்கும் 1991ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. அதில் சேர்ந்தால் பதிவுபெற்ற வகைகளின் விதையை விவசாயிகள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதற்கு நெருக்கடி வரும். அரசு இதை ஏற்கக்கூடாது என்பது என் நிலை. உங்கள் பாட்டிலில் இருக்கும் மொச்சை எந்த நிறுவனத்தின் பதிவிலும் இல்லை. அது உங்களுடையது, ஐயா.

ஆனால் பாட்டிலிலேயே இருந்தால் செத்துவிடும். பழைய விதை என்கிறீர்கள். பத்தை எடுத்து ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். நான்கு முளைத்தாலும் போதும், உடனே நட்டுவிடுங்கள். காய் கொடியிலேயே முற்றிக் காய்ந்த பிறகு பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வையுங்கள். முதல் அறுவடையில் பாதியைச் சமைக்க வேண்டாம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கு ஒரு பிடி கொடுங்கள், எதிர்வீட்டுக்கு ஒரு பிடி. மிச்சம் இருந்தால் எனக்கும் நாலு விதை அனுப்பி வையுங்கள்; எங்கள் அம்மா வைத்திருந்த மொச்சை எனக்குக் கிடைக்கவில்லை.