குடியுரிமை இல்லாமலே ஓட்டு: ஏற்காட்டுத் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கையோடு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி, அங்குள்ள உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, இது மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். மோசடி இல்லை. 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு அங்கே குடியிருக்கும் இந்தியருக்கு, காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. வாக்குச்சாவடியில் நம் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம்.

"பிழைக்க வந்த எனக்கு இவர்கள் நாடாளுமன்றம் எதற்கு?" என்றும் கேட்கிறீர்கள். நானும் அங்கே குடியிருப்பவன்தான், விடுமுறைக்குச் சேலம் வந்திருக்கிறேன். நம் ஊரிலிருந்தே சொல்கிறேன்.

1937-இல் ராஜாஜி அரசு சென்னை சட்டசபையில் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. அது முதன்முதலில் அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், அக்டோபர் முதல் தேதி. மதுவால் வந்த வருவாய் நின்றது. ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. எங்கோ சென்னையில் சிலர் கை தூக்கியது சேலத்துக் கள்ளுக்கடையை மூடியது. பிறகு செவ்வாய்ப்பேட்டை மண்டிவரை வரியாக வந்து நின்றது. எது குற்றம், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதை மன்னரோ அதிகாரியோ தன்னிச்சையாக முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி ஒரு சபையே இருக்கிறது.

ஏற்காட்டில் ஓட்டுப் போட்டு 234 பேரில் ஒருவரை அனுப்பினீர்கள். அங்கே 650 பேர். உங்கள் விசா விதிகளில் மாற்றம் வந்தால் அதை அவர்கள் முன் வைத்தாக வேண்டும். 40 நாளுக்குள் சபை அதை நிராகரிக்கலாம். நிராகரிப்பது அபூர்வம்தான். ஆனாலும் ஒருவர் எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்கிறாரே, அவரை அனுப்புவதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் எம்.எல்.ஏ.வைப்போல் சாலை, சாக்கடைக்கெல்லாம் அவரைத் தேடிப் போக வேண்டாம். அது கவுன்சிலின் வேலை. என் மனைவியின் விசா மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தபோது, எங்கள் தொகுதி உறுப்பினரை நூலகத்தின் சிறிய அறையில் பார்த்தேன். உதவியாளர் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டார். "ஏன் தாமதம் என்று எழுதிக் கேட்கிறேன். கொடுக்கச் சொல்லி உத்தரவிட எனக்கு அதிகாரமில்லை" என்றார் உறுப்பினர். கேட்டார், பதில் வந்தது. முடிவு எடுப்பது நிர்வாகம், அதைக் கணக்குக் கேட்பது சபை. இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தது அந்தச் சந்திப்புதான்.

பெயரை ஆன்லைனிலேயே பதியலாம். வேலைக்கும் வரிக்கும் அங்கே தரும் தேசியக் காப்பீட்டு எண்ணைக் (National Insurance number) கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் புது முகவரியில் மறுபடியும் பதிய வேண்டும்.