நாட்டுத் தாவர மாநாட்டுக்கு இரண்டு நாளில் போய்வர எப்படித் திட்டமிடுவது?

சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களுக்குள் மதுரையிலிருந்து புதுச்சேரி அருகே நடக்கும் நாட்டுத் தாவர மாநாட்டுக்குப் பத்து வயது மகளுடன் போய்வர வேண்டும், எந்தெந்த அமர்வுகளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில் வேலையில் இருக்க வேண்டியவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அமர்வுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காட்டு நடை எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்டு அறிந்து, அதற்கேற்பப் பயணச்சீட்டை எடுங்கள். இதைச் செய்யத் தவறியதால் நான் இழந்தது இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

நான் தாவரவியல் படித்தவள் அல்லள், தமிழாசிரியை. முல்லை நிலத்துக்குரிய பூக்களில் ஒன்றாகக் காயாவை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுவதையும் விளக்கியிருக்கிறேன். ஆனால், அந்தப் பூவை நான் பார்த்ததில்லை. அது எந்த நீலம் என்று ஒரு மாணவி கேட்டபோது வானத்தைக் காட்டிச் சமாளித்தேன். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டில் (வறண்ட பருவத்திலும் பசுமை மாறாத மரங்கள் கொண்ட காடு) காயா இயல்பாக வளர்கிறது என்று தெரிந்தபோதுதான், ஒரு மார்ச் மாதத்தில் நடந்த இத்தகைய மாநாட்டுக்குப் பெயர் கொடுத்தேன்.

நிகழ்ச்சி நிரலில் உரைகளை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறினேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ஆறரை மணிக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போனவர்கள் திரும்பிவந்து சிற்றுண்டி உண்டுகொண்டிருந்தார்கள். இலைகூடத் தெரியாமல் காயா பூத்திருந்ததாக அவர்கள் பேசிக்கொண்டதை அருகில் நின்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இன்னொரு நடை இருந்தது. என் பேருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்தச் சீட்டை விட்டுவிட்டு இன்னொன்று எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்வு மேற்பார்வை இருந்தது; அதைத் தவிர்க்க எனக்கு உரிமை இல்லை. கிளையின் மேல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நீலப் பூக்களை, பூத்திருந்த மரத்துக்கு மிக அருகே வந்திருந்தும், அரங்கத் திரையில் படமாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அரங்க உரைகள் வீண் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு, வெறும் செம்மண் மேடாகக் கிடந்த நிலத்தில் மண்ணைக் காக்க ஆஸ்திரேலிய வேலமரங்களை வளர்த்ததையும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அவை ஏராளமாகச் சாய்ந்ததையும் அரங்கில் இருந்தபடியேதான் அறிந்துகொண்டேன். பாலை என்ற ஒரே சொல் உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று வெவ்வேறு மரங்களுக்கு வழங்குவதால் அறிவியற்பெயரும் தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்டதும் அங்கேதான். இருந்தாலும், அடுத்த முறை செப்டம்பரில் போனபோது வெள்ளிக்கிழமையே விடுப்பு எடுத்து, மறுநாள் விடியலில் நடையில் சேர்ந்துகொண்டேன். விதை சேகரிக்கும் தொழில் செய்யும் ஓர் அம்மா எங்களோடு வந்தார். சிவந்த பழத்தை என் உள்ளங்கையில் வைத்து, “இது வீரைப் பழம் டீச்சர், தின்னு பாருங்க” என்றார். அவர் பெயர் சொல்லாத மரம் ஒன்றுகூட அந்த ஒற்றையடிப் பாதையில் இல்லை. ஆனால், அவரை மேடையில் பேச அழைக்கவில்லை. உரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காயா மரத்தையும் அவரே காட்டினார். அப்போது அதில் இலைகள் மட்டுமே இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், மடகாஸ்கரிலிருந்து வந்த, சிவப்பாகப் பூக்கும் செம்மயிற்கொன்றையை நட்டு, அதன் அடியில் “சங்கத் தமிழர் போற்றிய கொன்றை” என்று பலகை வைத்தார்கள். அது சரக்கொன்றை அன்று, கொன்றை மஞ்சளாகச் சரம் சரமாகத் தொங்கும் என்று எழுதிக்கொடுத்தேன். மரம் நட்டால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. பிள்ளைகள் அந்தப் பலகையைப் படித்துத்தான் வளர்கிறார்கள். உங்கள் மகளை அழைத்துப் போவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

ஆகவே, இயன்றால் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக் காலையில் வைகை விரைவு ரயிலில் ஏறுங்கள். நண்பகல் வாக்கில் விழுப்புரம் வந்துவிடும். அங்கிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 40 கி.மீ.; பேருந்துகள் நிறைய உண்டு. விடுப்பு கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு முன்பதிவு செய்துகொண்டு, இரவு ரயிலில் திரும்புங்கள். குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள். வீரையும் காயாவும் நெருங்கி நிற்கும் இடங்களில் முள்கொடிகளும் இருக்கும். அது கோயில் காடு என்பதால் அங்கிருந்து எதையும் பறித்துவர வேண்டாம். மாநாட்டில் விதை கொடுத்தால் துணிப்பையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் புழுங்கிவிடும். இலுப்பை, வேம்பு, நாவல் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடுவதால், வீட்டுக்கு வந்ததும் ஊன்றிவிட வேண்டும். மாநாடு செப்டம்பரில் என்றால் நாற்றும் வாங்கலாம், ஐப்பசி மழையில் அது வேர்பிடித்துக்கொள்ளும். மார்ச்சில் என்றால் நாற்றை விட்டுவிட்டுக் காயாவைத் தேடிப் போங்கள். அது என்ன நீலம் என்று உங்கள் மகள் சொன்னால், இங்கே எழுதுங்கள்.