பையனின் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. 138 செ.மீ. உயரம், 46 கிலோ. ஜூன் மாதத்திலிருந்து பள்ளியில் சாப்பாட்டுக்கு நேரம் வைத்துவிட்டார்கள். 10.15-க்குப் பழம் அல்லது சுண்டல், 12.45-க்கு மதியச் சாப்பாடு, 3 மணிக்குச் சின்னதாக ஏதாவது. நடுவில் எதுவும் கூடாது, சிப்ஸ், பிஸ்கட் பையில் இருந்தாலே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு அல்சர் வந்துவிடும் என்று மாமியார் சண்டை போடுகிறார். இணையத்தில் படித்துவிட்டு நானே தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன். டி.எஸ்.எச். 6.1, டி4 நார்மல். நான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? கழுத்தில் அழுக்கு வேறு, கடலை மாவு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என் அப்பா சர்க்கரையால் கால் விரல்களை இழந்தவர்.
– ஒரு அம்மா, அல்சூர், பெங்களூரு

பதில்: தேய்க்காதீர்கள் அம்மா, அது அழுக்கே இல்லை. கழுத்தின் பின்பக்கம், அக்குள் போன்ற இடங்களில் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். எடை கூடிய பிள்ளைகளிடம் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, ஈடுகட்டக் கணையம் அதிகமாகச் சுரக்கிறது, அந்த அதிகப்படி இன்சுலின் தோலையும் வளரவைக்கிறது. எந்த மாவு போட்டாலும் போகாது, தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும். எடை சீரானால் தானாகவே மெல்ல மங்கும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கழுத்துதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம். அப்பாவின் கால் விரல்களை ஏன் குறிப்பிட்டீர்கள் என்பதும் புரிகிறது. பையனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தாத்தாவுக்குச் சர்க்கரை, பேரனுக்கு இந்த எடை, கழுத்தில் இந்தக் கறுப்பு, மூன்றும் சேர்ந்தால் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று நான் சொல்லமாட்டேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., கொழுப்பு, இவற்றோடு ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், அதுவும் பையனின் கை அளவுக்கேற்ற பட்டையைக் கட்டி. நடுவில் திடீரென்று தாகம் கூடி, ராத்திரியில் எழுந்து எழுந்து சிறுநீர் போய், எடையும் இறங்கினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தைராய்டு மாத்திரை கொடுக்கவே கூடாது. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். உடல் பருமனான பிள்ளைகளுக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இப்படிக் கொஞ்சம் ஏறியிருப்பது சகஜம், பெரும்பாலும் அது எடை கூடியதால் வருவது, எடை சீரானால் இறங்கிவிடும். தைராய்டு குறைந்து குண்டான பிள்ளை உயரத்தில் பின்தங்கும், உங்கள் பையன் வயதுக்கு நல்ல உயரம். பெரியவர்களின் மாத்திரையை எடைக்காகப் பிள்ளைக்குக் கொடுத்து, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அல்சருக்கும் பள்ளி மணிக்கும் சம்பந்தமில்லை. அல்சர் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருவது. இரண்டரை மணி நேர இடைவெளியைப் பட்டினி என்று சொன்னால் எப்படி? யூடியூபில் காட்டும் 16 மணி நேர விரதம் வேறு, அதைப் பிள்ளைகளிடம் முயன்று பார்க்காதீர்கள். இங்கே பையனுக்கு மூன்று முறை சாப்பாடு கிடைக்கிறது. கொறிப்பதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இது உங்கள் பள்ளி நிர்வாகத்தின் பிடிவாதமும் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2020-இல் விதி போட்டது. சர்க்கரை எதில் எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி பலகை வைக்கச் சொல்லி சி.பி.எஸ்.இ. 2025-இல் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் நேரம் வைத்தால் மட்டும் எடை இறங்கிவிடாது, இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தால் 3 மணி வரைதான் பார்த்துக்கொள்ள முடியும். என்னிடம் வரும் பெங்களூருப் பிள்ளைகளின் ஒரு நாளைக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே கதைதான். காலை 7.10-க்கு வேன், நின்றபடியே இரண்டு ஸ்பூன் சாக்லேட் பவுடர் போட்ட பால், அதுதான் காலைச் சாப்பாடு, சாயங்காலம் இறங்கியதும் பசி தாங்காமல் பேக்கரியில் ஒரு பஃப்ஸ், தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு தில்பசந்த், ஒரு பாட்டில் ஜூஸ், அப்புறம் டியூஷன், அப்புறம் ஒயிட்ஃபீல்டிலிருந்து நெரிசலில் ஊர்ந்து அப்பா வந்து சேர்ந்த பிறகு 9.45-க்கு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பாடு, உடனே படுக்கை. காலையில் பசி எங்கே இருக்கும்? உடம்பு காலையில் சர்க்கரையைக் கையாளும் அளவுக்கு இரவில் கையாளாது, பெரியவர்களிடம் இது தெளிவாகவே தெரிந்த விஷயம்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இப்படித்தான் என்றால் இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பையனுக்கு 7.30-க்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள், அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், சேர்ந்து சாப்பிட சனி, ஞாயிறு இருக்கிறது. 9 மணிக்குப் படுத்தால் காலையில் தானாகப் பசிக்கும், இரண்டு இட்லியோ தோசையோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போதே வீட்டில் சுண்டலோ வேகவைத்த முட்டையோ தயாராக இருக்கட்டும். அதைப் பாட்டியிடமே ஒப்படையுங்கள், பேரன் பட்டினி கிடக்கவில்லை என்று அவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். தினம் எடை பார்க்காதீர்கள். வளரும் வயதில் எடை இப்படியே ஓராண்டு நின்றாலே உயரம் கூடக்கூடக் கணக்கு மாறிவிடும். அவன் காதுபட ‘குண்டு’ என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, செல்லத்துக்கும் கூடாது.

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போகும் அன்று, ஒரு டப்பாவில் இட்லி எடுத்துப் போங்கள். ஊசி எடுத்த உடனே அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.