பந்தலுக்கு அடியில் உள்ள தொட்டியில் நீர் மாற்றுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்ணில்லா முறையில் மாடியில் காய்கறி வளர்க்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளன. கீரை வளர்க்கும் வரையில் சத்துக் கரைசலை மாற்றுவது பெரிய வேலை அல்ல. செடிகள் மூடியின் துளைகளில் நிற்பதால், மூடியைத் தூக்கினால் அவையும் கூடவே வந்துவிடும். வெள்ளரி, பாகல், தக்காளி என்று வளர்க்கத் தொடங்கித் தொட்டிக்கு மேலே வலைப்பந்தல் கட்டிய பிறகோ, கொடி வலையோடு பின்னிக்கொள்கிறது, மூடியும் அசைக்க முடியாததாகிவிடுகிறது. ஏறிய கொடியை அசைக்காமல் நீரை மட்டும் வெளியேற்றி உள்ளே விடும் வழிகளைத்தான் கீழே உள்ள பதில்களில் விளக்கியிருக்கிறேன்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் நான்கு வெள்ளரிச் செடிகள் வைத்திருக்கிறேன். மூடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நைலான் வலையைப் படுக்கை வாட்டில் கட்டியிருக்கிறேன். கொடிகள் வலை முழுவதும் பரவிவிட்டதால் மூடியைத் திறக்க முடியவில்லை. பழைய கரைசலை எப்படி எடுப்பது? (மடிப்பாக்கம் வாசகி)

மூடியைத் திறக்கவே வேண்டாம். முதன்முதலில் பந்தல் போட்டபோது நான் செய்த தவறும் அதுதான். மூடியை இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்தி, அடியில் ஒரு செங்கல்லைக் கொடுத்துவிட்டுக் குழாயை உள்ளே விட்டேன். வலையில் இறுகப் பிடித்திருந்த கொடி மேலே போக இடமில்லாமல் வளைந்து, தண்டின் அடிப்பகுதியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தது. அன்று மாலை வரை செடி நன்றாகவே நின்றது. மறுநாள் நண்பகலில் இலைகள் அனைத்தும் துவண்டு தொங்கின. அந்தக் கொடியைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளரித் தண்டு பார்ப்பதற்குப் பருமனாக இருந்தாலும் உள்ளே நீர் நிறைந்தது, எளிதில் முறியக்கூடியது.

மூடியில் செடி வைக்காத துளை ஏதேனும் இருந்தால் அதுவே உங்களுக்கு வாசல். இல்லையென்றால், செடிகளிலிருந்து மிகவும் தள்ளி ஒரு மூலையில் 25 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். மூடிக்கு நேர் கீழே வேர்கள் படர்ந்திருக்கும் என்பதால், துளைக்கும் கருவி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி அதன்மீது டேப் சுற்றி அடையாளம் செய்துகொள்வது நல்லது. உதிரும் பிளாஸ்டிக் துகள்களை ஈரத்துணியால் அவ்வப்போது ஒற்றி எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் இந்தத் துளையை இறுக மூடிவையுங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி முறையைச் சொல்கிறேன். புதிய கரைசலை முதலில் தனி டிரம்மில் கலந்து, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) சரிசெய்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழிகளை வெளிவிடும் கல்) போட்டு ஒரு மணி நேரம் காற்றேற்றி ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய நீரை வெளியேற்றிவிட்டுப் புதிய நீரைக் கலக்க உட்காருவது, வேர்களை வெறுங்காற்றில் காயவிடுவதாகும். தொட்டி ஒரு மேடையின் மேல் இருந்தால், ஒளி ஊடுருவும் 12 மில்லிமீட்டர் குழாயில் நீரை நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையைத் துளை வழியே உள்ளே விட்டு, மறுமுனையைத் தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கித் திறந்தால் நீர் தானாக இறங்கும். உள்ளே போகும் முனையில் கொசுவலைத் துணியைக் கட்டிவிட்டால் வேர் குழாய்க்குள் இழுபடாது. தொட்டி தரையிலேயே இருந்தால் இம்முறை பயன்படாது. ஏர்கூலரில் போடும் சிறிய பம்ப் துளைக்குள் போகாது; நீரில் மூழ்கியே இயங்குவது என்பதால், அதை வெளியே வைத்து உறிஞ்சவும் முடியாது. அந்நிலையில் கையால் அழுத்தி உறிஞ்சும் பம்ப்பே வசதியானது. டீசல், மண்ணெண்ணெய் மாற்றப் பயன்படும் அந்த வகைப் பம்ப்பைப் புதிதாக வாங்கி, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை முற்றிலும் வடித்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கு நீரை அடியில் விட்டுவையுங்கள். நீர் இறங்கும்போது, அதுவரை மிதந்துகொண்டிருந்த வேர்க்கொத்து தன் எடை முழுவதையும் நெட் பாட்டின் (மூடித் துளையில் செடியைத் தாங்கும் சிறு கூடை) மேல் போடுகிறது. மூடி மெல்லியதாக இருந்தால் நடுவில் தொய்ந்து, வலையில் கட்டுண்ட கொடியைக் கீழே இழுக்கும். அடியில் நீர் இருந்தால் வேர் நுனிகளும் நனைந்தே இருக்கும், பாரமும் ஓரளவு குறையும். பிறகு அதே துளை வழியாகப் புதிய கரைசலை மெதுவாக விடுங்கள். நிறுத்த வேண்டிய மட்டத்தை முன்பே தொட்டியின் வெளிப்புறத்தில் மார்க்கரால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். மேல் பகுதியில் காற்றைச் சுவாசித்துப் பழகிய வேர்கள் இருக்கின்றன. தாராளமாக இருக்கட்டும் என்று விளிம்பு வரை நிரப்பினால் அவை மூச்சுத் திணறும்.

கேள்வி: சத்துப் பொட்டலத்தில் 10 நாட்களுக்கு ஒருமுறை கரைசலை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் மாதம் ஒருமுறை போதும் என்கிறார்கள். எது சரி? பாதிப் பாதியாக மாற்றினால் போதாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

நாட்காட்டியைப் பார்த்து மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நாற்றுப் பருவத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டர்கூடக் குடிக்காத வெள்ளரி, காய் பிடிக்கும் பருவத்தில் வெயில் நாளில் 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கும். இரண்டுக்கும் ஒரே கெடு எப்படிப் பொருந்தும்? அதற்குப் பதிலாக ஒரு சிறிய நோட்டில், ஒவ்வொரு நாளும் குறைந்த அளவை ஈடுகட்ட எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று குறித்து வாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை தொட்டியின் கொள்ளளவைத் தொடும் நாளே கரைசலை மாற்ற வேண்டிய நாள். நான்கு செடிகள் உள்ள 60 லிட்டர் தொட்டி, செடி சிறியதாக இருக்கையில் மூன்று நான்கு வாரம் தாங்கும். காய்ப்பின் உச்சத்தில் ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டியதாகிவிடும்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செடி எல்லாச் சத்துகளையும் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவை விரைவில் தீர்ந்துபோகின்றன. கால்சியம், மக்னீசியம், சல்பேட் ஆகியவை பின்தங்குகின்றன. நீருடன் வந்த சோடியமோ பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீரை மேல்நிரப்பாக ஊற்றியிருந்தால், முதல் நாள் இருந்த சோடியத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு இப்போது உள்ளே இருக்கும். கரைசலின் மின்கடத்தும் திறனைக் கொண்டு உப்பை அளக்கும் இ.சி. மீட்டர் அப்போதும் 2.0 என்றே காட்டலாம். உப்பு எவ்வளவு என்று மீட்டர் சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. அளவு சரியாக இருந்தும் செடி மட்டும் வெளிறிப்போகிறது என்று பலரும் எழுதுவதற்கு இதுவே காரணம்.

இடைப்பட்ட நாட்களில் இ.சி. உயர்ந்தால் செடி சத்தைவிட நீரை அதிகம் குடிக்கிறது என்று பொருள். வெறும் நீரை ஊற்றுங்கள். இ.சி. இறங்கினால் சத்துக் கரைசலை ஊற்றுங்கள். சிறுவாணி நீர் உங்கள் பகுதிக்கு வருமானால் அது உப்பு மிகக் குறைந்த நீர். அதற்காக ஒரு மாதத்துக்கு மேல் ஒரே கரைசலை வைத்திருக்க வேண்டாம்.

பாதிப் பாதியாக மாற்றுவது பந்தல் முறைக்கு மிகவும் ஏற்றது, ஆனால் அதன் கணக்கைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஒருமுறை பாதியை மாற்றினால் பழையதில் 50 விழுக்காடு எஞ்சும். மூன்று முறை செய்தால் 12.5 விழுக்காடு எஞ்சும். கால்வாசியாக நான்கு முறை மாற்றினாலும் ஏறக்குறைய 32 விழுக்காடு எஞ்சிவிடும், நான்கு கால் ஒன்றாகிவிடாது.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீர்தான் இருக்கிறது, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 900. கரைசலை மாற்றி பி.எச். 5.8 வைத்தாலும் இரண்டே நாளில் 7.5 ஆகிவிடுகிறது. தளிர் இலைகள் மஞ்சளாகின்றன. (தாம்பரம் வாசகர்)

பி.எச். இவ்வாறு ஏறுவதற்குக் காரணம் டி.டி.எஸ். எண் அன்று, அதற்குள் அடங்கியிருக்கும் பைகார்பனேட். நீங்கள் ஊற்றும் அமிலத்தை அது விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு மேல்நிரப்பிலும் புதிய பைகார்பனேட் வந்து சேர்கிறது. போதாக்குறைக்குச் செடி நைட்ரேட்டை எடுக்கும்போதும் பி.எச். உயரும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்து, காரத்தன்மை என்ற வரியையும் (பைகார்பனேட்டின் அளவைக் காட்டுவது இதுதான்) சோடியம் என்ற வரியையும் பாருங்கள்.

காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் இருந்தால், பாஸ்பாரிக் அமிலத்தை மட்டும் கொண்டு அதை அடக்க முயல்வது தவறு. தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாஸ்பரஸ் கரைசலில் சேர்ந்துவிடும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் அதன் பயன் ஓரிரு நாளே நிற்கும். மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பாதிக்குப் பாதி கலந்து, எஞ்சியதை அமிலத்தால் சரிசெய்வதுதான் நிலையான வழி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடிவைத்தால் சிறிய தோட்டத்துக்குப் பல முறை உதவும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் தயவுசெய்து தொட்டியில் ஊற்றாதீர்கள். உங்கள் நீரில் உள்ள உப்பெல்லாம் செறிந்து நிற்பது அதில்தான்.

தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்களோடு சேர்த்தே விற்கிறார்கள். அவற்றில் இ.டி.டி.ஏ. வடிவ இரும்பு, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் செடிக்குக் கிடைக்காமல் போகும். டி.டி.பி.ஏ. வடிவம் 7-ஐ ஒட்டியும் தாங்கும் என்பதால் உங்களுக்கு அதுவே பொருந்தும். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

கேள்வி: சித்திரை மாத நண்பகலில் கரைசலை மாற்றினேன். நான்கு நாளில் வேர்கள் பழுப்பாகி வாடை வீசுகிறது. நீரில் என்ன குறை? (திருச்சி வாசகி)

குறை பெரும்பாலும் நீரின் வெப்பத்தில்தான் இருக்கிறது. வெயிலில் காய்ந்த மேல்நிலைத் தொட்டியின் நீரை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரையாகக் குறைகிறது. அதே நேரத்தில் வெப்பத்தால் வேரின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இந்த இடைவெளியில்தான் பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகள் புகுகின்றன.

முதலில் அது அழுகல்தானா என்று உறுதிசெய்யுங்கள். உரத்தின் சாயம் ஏறிய வேரும் பழுப்பாகவே இருக்கும். ஆனால் விரலால் உருவினால் உறுதியாக நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் வழவழப்பாக உரிந்து வந்து, நடுவில் நூல் போன்ற இழை மட்டும் கையில் மிஞ்சும். அழுகல்தான் என்றால் இப்போது பாதி மாற்றம் போதாது. அதிகாலையில் நீரை வடித்து, குளிர்ந்த நீரை விட்டு மீண்டும் வடித்து, பிறகு அடர்த்தி குறைந்த கரைசலை நிரப்புங்கள். ஏர் ஸ்டோன்களை இரட்டிப்பாக்குங்கள். தொட்டியின் வெளிப்புறத்துக்கு வெள்ளை அடித்து, ஈரச் சாக்கு சுற்றுங்கள். ஒரு லிட்டர் நீரை உறையவைத்த பாட்டிலை உள்ளே போட்டால் 60 லிட்டர் தொட்டியில் ஒன்றரை டிகிரி அளவுக்கே குறையும்; எனவே அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. புதிய நீருக்கும் பழைய நீருக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் பாதியாகிவிட்ட செடியால் பந்தல் முழுவதற்கும் நீர் ஏற்ற முடியாது; ஆகவே முற்றிய காய்களையும் சில கிளைகளையும் வலையிலேயே வைத்து வெட்டிவிடுங்கள்.

கேள்வி: புதிய கரைசலில் வெண்மையான தூள் அடியில் படிகிறது. (மதுரை வாசகர்)

கால்சியம் நைட்ரேட் உள்ளது ஒன்று, சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ளது மற்றொன்று என இரண்டு செறிவுகளையும் (அடர்த்தியான கரைசல்களையும்) ஒன்றோடொன்று நேராகக் கலக்கிறீர்கள். கால்சியம் நைட்ரேட், சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் செறிவாகச் சேரும்போது கரையாத உப்பாகிப் படிந்துவிடும். டிரம்மில் முழு அளவு நீரை எடுத்துக்கொண்டு, முதல் செறிவை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவதை ஊற்றுங்கள்.

கேள்வி: எடுத்த பழைய கரைசலை எங்கே ஊற்றுவது? (சேலம் வாசகி)

மூன்று பங்கு நீர் கலந்து வாழை, கறிவேப்பிலை, செம்பருத்தி போன்ற மண்ணில் நிற்கும் செடிகளுக்கு ஊற்றலாம். ஒரே செடிக்கு ஒவ்வொரு வாரமும் ஊற்ற வேண்டாம். வேரழுகல் வந்த தொட்டியின் நீரைத் தக்காளி, கத்தரித் தொட்டிகளின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கிணற்றின் அருகிலோ ஆழ்துளைக் குழாயின் அருகிலோ கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். புதிதாகக் கலந்த கரைசலில் அது 600 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும்.

கேள்வி: தக்காளிக்கு இப்போதுதான் தொட்டி அமைக்கப் போகிறேன். பின்னால் சிரமப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? (செங்கல்பட்டு வாசகர்)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஹாலோ பிளாக் கற்களின் மேல் வையுங்கள். அந்த உயரம் இருந்தால்தான் நீர் தானாக வடியும். அடிமட்டத்திலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே, நீங்கள் நின்று வேலை செய்யும் பக்கமாக, டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் துளையிட்டு மாட்டும் குழாய் இணைப்பு) பொருத்தி, அதற்கு ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டையைத் திருப்பித் திறந்து மூடும் அடைப்பான்) போடுங்கள். உள்பக்க வாயில் துருப்பிடிக்காத சல்லடை இருக்கட்டும். தக்காளி வேர் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட்டால் அறுவடை முடியும்வரை எடுக்க முடியாது. எதிர் மூலையில் மூடியில் நிரப்புவதற்கு ஒரு துளை, நீர்மட்டத்தைக் காட்ட வெளியே ஓர் ஒளி ஊடுருவும் குழாய் ஆகியவையும் வேண்டும். வலையைத் தொட்டியின் உடலில் கட்டாமல் தனிக் கம்பங்களில் கட்டுங்கள். தொட்டிக்கும் வலைக்கும் இடையில் உங்கள் முழங்கை தாராளமாகப் போய்வரும் இடைவெளி வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வெறும் நீரை நிரப்பி, நிப்பிளுக்கு நேர் கீழே செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் தாளில் ஈரத்தின் சுவடு தெரிந்தால் நிப்பிளின் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றுங்கள். தாள் காய்ந்திருந்தால் அன்றே நாற்றை வைக்கலாம்.