அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் படிப்பைப் பாதியில் விட்டு, அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போவது ஏன்?

இதை அங்கே ‘ஒன் அண்ட் டன்’ என்பார்கள். ஒரு வருடம் கல்லூரி அணியில் ஆடிவிட்டு என்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பெயர் கொடுப்பது. கெவின் டுரான்ட் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியில் ஒரே சீசன்தான் ஆடினார். 2007 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார்.

முக்கியக் காரணம் காயம் பற்றிய பயம். முழங்கால் போனால் மதிப்பும் போச்சு. காற்றில் உதிரும் முன்னே மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசிவிடுவது போலத்தான். அப்புறம், முதல் ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்தால், பெரிய பணம் தரும் அடுத்த ஒப்பந்தம் இளவயதிலேயே வரும். (இப்போது கல்லூரியிலேயே நல்ல வருமானம் கிடைப்பதால் சிலர் தங்கிவிடுவதும் உண்டு.)

கல்லூரிக்குப் போயே ஆகவேண்டும் என்பது என்பிஏ விதி என்று பலர் நினைக்கிறார்கள்; அமெரிக்க வீரருக்கு 2006 முதல் உள்ள நிபந்தனை 19 வயதும், பள்ளி முடிந்து ஒரு வருட இடைவெளியும்தான், லாமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டே 2020இல் மூன்றாவதாகத் தேர்வானார்.